உடைந்த காலுக்கு விலை என்ன?

வீதி விபத்திலே காயப்பட்ட ஒருவர் நட்டஈடு கோரி நீதிமன்றம் ஏறும்போது, "நொந்ததா?" என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை. "எவ்வளவு நட்டம்? அதை எதைக்கொண்டு எண்பிப்பீர்?" என்றே கேட்பர். இக்கேள்வி சிலருக்கு இரக்கமற்றதாகத் தோன்றும். வேறு சிலருக்கோ, நட்டஈடு கேட்பதே கிறிஸ்தவனுக்கு ஒவ்வாத செயலாகத் தோன்றும். ஆண்டவர் அனுமதித்த சிலுவையைக் காசுக்கு விலைபேசலாமா என்பது அவர்கள் எண்ணம். இன்னுஞ் சிலர், "கம்பனிதானே கட்டப்போகிறது, கொஞ்சம் கூட்டிக் கேட்டால் ஆருக்கு என்ன நட்டம்?" என்பர். இம்மூன்று பேச்சும் எமது குடும்பங்களிலே கேட்கும் பேச்சுத்தான். இவற்றுள் நீதி எங்கே நிற்கிறது என்பதை நிதானமாக ஆராய்வது நன்று.

ஆராய்ச்சிக்கு வசதியாக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இது நடந்த சம்பவமன்று, நடக்கக்கூடியது. ஐம்பது வயது நிரம்பிய ஒரு விதவைத் தாய். விடியற்காலையில் தோட்டக்காரரிடம் கத்தரிக்காயும் வெங்காயமும் வாங்கி, திருநெல்வேலிச் சந்தையிலே நிலத்தில் சாக்கு விரித்து விற்பவர். பலாலி வீதியோரமாக நடந்து வருகையில் பின்னால் வந்த கார் மோதுகிறது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிகிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சில வாரம் இருந்து வீடு திரும்புகிறார். கால் பொருந்துகிறது, ஆனால் பழைய கால் வரவில்லை. சந்தையில் குந்தியிருக்கவோ, கடகம் சுமக்கவோ, கிணற்றில் தண்ணீர் அள்ளவோ அவரால் இனி முடியாது. அவருக்கு எவ்வளவு கொடுத்தால் நீதியாகும்?

இது அபூர்வமான கேள்வியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மாத்திரம் வீதி விபத்துக்களால் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உலகெங்கும் மாண்டனர். எமது சிறிய இலங்கையிலும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வீதியிலே போகின்றன. மாண்டவர்களிலும் பன்மடங்கானோர் காயப்பட்டு எஞ்சியிருக்கிறார்கள். எஞ்சியிருப்பவர்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

மாடு அடித்த மணி

எமது நாட்டின் மிகப் பழைய வீதி விபத்துக் கதை மகாவமிசத்திலே உள்ளது. எல்லாள மன்னனின் மகன் வண்டியிலே செல்லும்போது, வழியில் தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றின்மேல் சில்லு ஏறியது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் அதே சில்லினால் தன் மகனின் உயிரைப் போக்கினான். திருவாரூரிலே மனுநீதிச் சோழனைப் பற்றியும் இவ்வாறே சொல்லப்படும். அங்கே இறைவன் தோன்றிக் கன்றையும் மைந்தனையும் உயிர்ப்பித்ததாகக் கதை முடியும்.

இக்கதையை நாம் சிறுவயது முதல் வியந்து வந்திருக்கிறோம். மன்னன் பக்கச்சார்பற்றவன் என்பது உண்மையே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மகாவமிசக் கதையின் முடிவில் பசுவுக்கு என்ன கிடைத்தது? கன்று திரும்பி வரவில்லை. அரண்மனையிலும் ஒரு சாவு வந்தது, அவ்வளவே. தண்டனை வேறு, ஈடு செய்தல் வேறு. தண்டனை குற்றவாளியை நோக்குகிறது. ஈடு செய்தலோ இழந்தவரை நோக்குகிறது. எமது சட்டத்திலும் இவை இரண்டு வழக்குகள். கவனயீனமாக வாகனம் ஓட்டியவருக்கு நீதவான் நீதிமன்றம் விதிக்கும் குற்றப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. எமது உதாரணத் தாய்க்குத் தன் இழப்பு முழுவதற்கும் நட்டஈடு வேண்டுமானால் அவர் மாவட்ட நீதிமன்றத்திலே தனியாக வழக்கிடல் வேண்டும். "அவனுக்குக் கோட்டிலே தண்டம் அடித்தாயிற்றே" என்று சொல்லி அவரைத் திருப்பியனுப்புகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

விலையில்லாத உடல்

உரோமரின் பழைய சட்டம் இவ்விடயத்தில் ஒரு விசித்திரமான நிலையில் நின்றது. அடிமையின் கால் முறிந்தால் எசமானுக்கு நட்டஈடு உண்டு; அடிமைக்குச் சந்தையில் விலை உண்டல்லவா? சுயாதீன மனிதன் காயப்பட்டால் வைத்தியச் செலவையும் இழந்த கூலியையும் கணக்கிடலாம். தழும்புக்கும் அவலட்சணத்துக்கும் கணக்கில்லை. சுயாதீன மனிதனின் உடலுக்கு விலை மதிக்க முடியாது என்பதே சட்ட அறிஞர் காயுஸ் காட்டிய காரணம். மனித மாண்பைக் காக்கும் வார்த்தை இது. ஆனால் நடைமுறையிலே இதனால் நன்மை அடைந்தவன் யார்? காயப்படுத்தியவனே. உடல் விலைமதிப்பற்றது என்று சொல்லி, ஒன்றும் கொடாமல் அவன் போகலாம்.

யூதர்களின் வழி வேறு. சண்டையில் அடிபட்டவன் படுக்கையிற் கிடந்து பின் கோலூன்றி எழும்பி நடந்தால், அடித்தவன் அவனுடைய வேலை நட்டத்தைக் கொடுத்து அவனைக் குணப்படுத்துவிக்கவும் கடமைப்பட்டவன் என்று யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. பிற்காலத்து யூத போதகர்கள், கண்ணுக்குக் கண் என்ற கட்டளையையும் பணத்தால் ஈடு செய்வது என்றே விளக்கினர். உடற்சேதம், நோவு, வைத்தியம், வேலையிழப்பு, வெட்கம் என ஐந்து தலைப்புக்களில் கணக்கிடும்படி மிஷ்னா கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த இக்கணக்கு, இன்றைய நீதிமன்றத்தின் கணக்கிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

உரோமச் சட்டம் ஒல்லாந்துக்குப் போனபோது அங்குள்ள வழக்கம் அதைத் திருத்திற்று. நோவும் அவலட்சணமும் உண்மையில் ஈடுசெய்ய முடியாதவை. எனினும் காயப்பட்டவர் கேட்பாரானால் அவை பணத்தில் மதிக்கப்படும் என்று குரோசியுஸ் 1631இல் வெளிவந்த தமது நூலில் கூறினார். அந்த உரோம ஒல்லாந்தச் சட்டமே இன்றும் இலங்கையில் இவ்விடயத்துக்குரிய பொதுச் சட்டம். தேசவழமை காணிக்கும் சீதனத்துக்கும் முதுசத்துக்கும் பேசுமேயன்றி, கார் மோதிய காலுக்குப் பேசாது.

ஈடு செய்ய முடியாததை எப்படி ஈடு செய்வது? இவ்வினாவைப் புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பினார். சமமானதைத் திருப்பிக் கொடுக்க முடியாதபோது இயன்றதைக் கொடுத்தல் கடமை என்பது அவர் விடை. ஒருவனுடைய அவயவத்தை இழக்கச் செய்தவன் பணத்தாலோ மரியாதையாலோ ஈடு செய்ய வேண்டும். எவ்வளவு என்பதை, இருவருடைய நிலைமையையும் பார்த்து, நேர்மையான ஒரு மனிதன் தீர்மானிக்க வேண்டும் என்கிறார். கடவுளுக்கும் பெற்றோருக்கும் நாம் பட்ட கடனையும் சமமாக அடைக்க முடியாது. அதற்காக அடைக்காமல் விடுவதில்லை என்பதே அவர் காட்டும் ஒப்புமை.

ஆகவே முதலாவது எண்ணம் தவறென்பது தெளிவு. நட்டஈடு கேட்பது காலை விற்பதன்று. நோவின் விலை எவ்வளவு என்று நீதிபதி சொல்வதுமில்லை. "இவருக்கு உம்மிடமிருந்து வரவேண்டியது ஒன்று உண்டு, முழுவதும் உம்மால் முடியாது, முடிந்த அளவு இதுவே" என்றே சொல்கிறார். சிலுவையைப் பொறுமையோடு சுமப்பது புண்ணியம். ஆனால் தன் பிள்ளைகளின் சாப்பாட்டையும், தன்னை வைத்துப் பார்க்கும் மகளின் உழைப்பையும் அந்தப் புண்ணியத்துக்குக் காணிக்கையாக்க எவருக்கும் உரிமையில்லை. மன்னிப்பதும் கடனைக் கேட்பதும் ஒன்றையொன்று கொல்வனவல்ல. மனதிலே பகையில்லாமல் வழக்கிடலாம். வழக்கிடாமலே வாழ்நாள் முழுதும் பகையை வளர்க்கவும் செய்யலாம்.

எண்பிக்கும் சுமை

இனி எண்பிக்கும் விடயத்துக்கு வருவோம். எதையேனும் உண்டென்று சொல்பவரே அதை எண்பிக்க வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. எமது உதாரணத் தாய் மூன்றை எண்பிக்க வேண்டும். ஓட்டியவர் கவனயீனமாக இருந்தார். அக்கவனயீனத்தாலேயே கால் முறிந்தது. அதனால் இன்னின்ன நட்டம் வந்தது. குற்றவியல் வழக்கைப் போல ஐயமற எண்பிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக் கூடியது இதுவே என்று தராசு ஒரு பக்கம் சாய்ந்தாற் போதும். அவரிடத்திலும் கவனயீனம் ஒரு பங்கு இருந்தால், உதாரணமாக இருட்டிலே வீதியின் நடுவால் நடந்திருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்தப் பங்கு கழிக்கப்படும். வழக்கு முழுதாக விழுந்துவிடாது.

காலமும் எல்லையுடையது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வகை வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு முறை வழக்கிட முடியாதாகையால், போன செலவையும் இனி வரும் செலவையும் ஒரே தடவையில் கேட்க வேண்டும். நல்ல சமாரியன் விடுதிக்காரனிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். நீதிமன்றத்துக்கு அந்த வசதி இல்லை. நாளைய நோவையும் அது இன்றே கணக்கிட வேண்டும்.

மனதைத் தொடும் அநியாயம் இவ்விடத்தில்தான் புகுகிறது. அரசாங்க உத்தியோகத்தர் காயப்பட்டால் சம்பளச் சீட்டு இருக்கிறது, லீவுப் பதிவு இருக்கிறது. சந்தையில் மரக்கறி விற்பவருக்கு எந்தச் சீட்டு? அவருடைய வருமானம் சேலைத் தலைப்பின் முடிச்சிலே வந்து, அன்றிரவே அரிசியாகவும் மண்ணெண்ணெயாகவும் மாறிவிடுகிறது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; அது எமது நாட்டின் பெருமை. ஆனால் அதனாலேயே காட்டுவதற்குப் பெரிய பற்றுச்சீட்டும் இல்லை. முச்சக்கர வண்டிக் கூலி, பார்த்துக்கொள்ள நின்ற மகளின் வேலைநாட்கள், பின்னர் முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்ட செலவு ஆகியவை எல்லாம் உண்மையான செலவுகள். ஒன்றுக்கும் துண்டுக் கடதாசி கிடையாது.

கடதாசி இல்லாதவருக்கு நட்டமில்லை என்று முடிவு கட்டலாமா? நல்ல நீதிமன்றங்கள் அவ்வாறு செய்வதில்லை. உடற்குறையின் வீதம் வேறு, உழைப்பிழப்பின் வீதம் வேறு என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு வழக்கிலே விளக்கிற்று. இடது கையை இழந்த சாரதியோ தச்சனோ தன் உழைப்பு முழுவதையுமே இழக்கலாம்; அதே கையை இழந்த எழுதுவினைஞர் தம் வேலையை இழக்காமலும் இருக்கலாம். எனவே வைத்தியர் எழுதும் வீதத்தை மட்டும் பாராமல், அந்த மனிதன் எதைச் செய்து சீவித்தான் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. சம்பளமில்லாத இல்லத்தரசியின் உழைப்புக்கும் பணமதிப்பு உண்டென்று அதே நீதிமன்றம் 2010இலும் 2021இலும் வலியுறுத்தியது. எமது நாட்டிலும் சட்டம் அசையாமல் நிற்கவில்லை. விபத்தில் ஒருவர் இறந்தால் அவரது உழைப்பை நம்பியிருந்தோரின் பொருள் நட்டத்துக்கே முன்னர் நட்டஈடு கிடைத்தது. அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்காகவும் கோரும் வழியை 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் திறந்தது.

நியூசிலாந்து வேறொரு பாதையிற் சென்றது. 1974 முதல் அங்கே விபத்தில் காயப்பட்டவர், பிழை யாருடையது என்று எண்பிக்காமலே பொது நிதியிலிருந்து உதவி பெறுகிறார். அதற்கு ஈடாகக் காயத்துக்கு நட்டஈடு கோரி வழக்கிடும் உரிமை பெரும்பாலும் எடுக்கப்பட்டது. ஏழைக்கு அது ஆறுதலான ஏற்பாடு. எம்மிடம் அது இல்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாந்தரப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் கம்பனியிடம் பெறுவதற்கும் பொதுவாக வாகனக்காரரின் பிழையை எண்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கடதாசி இல்லாதவருக்கு அயலவர்களே கடதாசி. அவர் நாள்தோறும் சந்தைக்கு வந்ததைப் பக்கத்தில் இருந்து விற்றவர் சொல்லலாம். கடனுக்கு மரக்கறி கொடுத்த தோட்டக்காரர் தம் கொப்பியைக் காட்டலாம். விபத்தைக் கண்டவர் பொலிசில் வாக்குமூலம் கொடுக்கலாம். "கோடு கச்சேரி எமக்கேன்" என்று ஒதுங்குவது எம்மவருக்கு விவேகமாகத் தோன்றுகிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நாம் அறிவோம். மெய்ச்சாட்சியை மறைத்து ஓர் ஏழையின் வழக்கைத் தோற்க விடுவதும் அக்கட்டளைக்கு எதிரானதே. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள், 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம் என்பதையும் அயலவர் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னுமொரு வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். விபத்து நடந்த மறுநாளே இரு பகுதியாரின் உறவினரும் கட்டிலைச் சுற்றி நின்று, சில ஆயிரம் ரூபாவைக் கையில் வைத்து, "இனி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஒரு தாளிலே கையொப்பம் வாங்குவர். சமாதானம் நல்லதே. ஆனால் கால் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வைத்தியருக்கே தெரியாத நாளில் வாங்கும் கையொப்பம் சமாதானமன்று. வலியில் இருப்பவரின் அறியாமையை மலிவாக வாங்கும் வியாபாரம்.

கூட்டிக் கேட்டல்

மூன்றாவது எண்ணத்தை இனி எடுப்போம். எண்பிப்பது கடினமாகையால் சிலர் எண்பிப்பதற்கென்றே நட்டத்தை உண்டாக்குகிறார்கள். இல்லாத இடுப்பு நோ வந்துவிடுகிறது. போகாத வைத்தியரின் துண்டு வந்துவிடுகிறது. பழைய வாத நோயும் விபத்தின் கணக்கிலே ஏறுகிறது. கம்பனியின் காசு ஒருவருடைய காசுமல்ல என்ற நினைவே இதற்கு வேர். ஆனால் காப்புறுதிப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவரும், தவணை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்கிய வாலிபனும் கட்டிய கட்டணமே அது.

இதிலும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பொய் நோவைக் கேட்டுப் பழகிய நீதிபதியும் கம்பனியாரும், அடுத்து வரும் உண்மை நோவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கடதாசி உள்ளவர் அந்தச் சந்தேகத்தைத் தாண்டிவிடுவார். தாண்ட முடியாமல் நிற்பவர் எமது சந்தைத் தாயைப் போன்றவரே. எனவே கூட்டிக் கேட்பவன் கம்பனியிடம் மட்டும் களவெடுக்கவில்லை. தனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஏழையின் வார்த்தையிலிருந்தும் களவெடுக்கிறான். இரக்கத்தினால் பொய்ச் சான்றிதழ் எழுதும் வைத்தியருக்கும், சாட்சிக்குப் பொய் சொல்லிக் கொடுக்கும் சட்டத்தரணிக்கும் இதில் பங்குண்டு.

"பாதிதான் தருவார்கள், ஆகவே இரட்டிப்பாகக் கேட்டேன்" என்று சிலர் நியாயம் சொல்வர். பேரத்தில் கூட்டிக் கேட்பது ஒரு மதிப்பீடு என்ற அளவில் சகிக்கத்தக்கதாகலாம். நோவுக்கு நிச்சயமான அளவில்லை அல்லவா? ஆனால் நடவாததை நடந்ததென்று சத்தியம் செய்து சொல்வது மதிப்பீடன்று, பொய். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை மனச்சாட்சி நன்றாகவே அறியும்.

ஓட்டியவரின் கடன்

கடைசியாக, வாகனம் ஓட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழமையாக இப்பேச்சுக்களில் அவரை மறந்துவிடுகிறோம். முட்டும் சுபாவமுள்ள மாடு என்று எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காத சொந்தக்காரனை யாத்திராகமம் கடுமையாக நடத்துகிறது. முன் அறியாதவனை அவ்வாறு நடத்தவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் காரை வீதியில் இறக்கியவரும், குடித்துவிட்டு ஓட்டியவரும் முதல் வகையினர். அவர்கள் தீர்ப்பு வருமுன்பே, வழக்கே வராவிட்டாலும், கடவுள் முன்னிலையில் கடனாளிகள். மனச்சாட்சியின் முன் குற்றமில்லாமல், கணநேரக் கவனப் பிசகினால் சட்டத்தின் முன் மட்டும் பொறுப்பாளியானவர் உண்டு. அவருடைய கடமை நீதிபதியின் தீர்ப்போடு பிறக்கிறது என்று எமது ஒழுக்கவியல் ஆசிரியர்கள் போதித்தனர். தீர்ப்பு வந்தபின் கட்டாமல் ஒளிப்பதோ, காணியை உறவினர் பெயருக்கு மாற்றுவதோ இவருக்கும் ஆகாது.

எமது சட்டத்தரணிகள் சிலருக்குக் கசப்பாகலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். எதிராளி தன்மீது சுமத்தப்பட்ட பொய்யை மறுக்கலாம். கூட்டிய கணக்கைக் குறைக்கலாம். எண்பிக்கும்படி கேட்கவும் அவருக்கு உரிமையுண்டு. ஆனால் தான் சிவப்பு விளக்கைத் தாண்டியதைத் தானே அறிந்திருந்தும், சாட்சியில்லை என்ற தைரியத்தில் "நான் தாண்டவில்லை" என்று அவர் சொல்ல முடியாது. சந்தைத் தாயின் உழைப்பு எவ்வளவு என்று சீட்டில்லாமையால் நீதிமன்றம் குறைத்து மதித்திருக்கலாம். அவ்வளவோடு நீதிபதியின் கடமை முடிந்தது. உண்மையில் அவர் இழந்தது அதிகம் என்று தெரிந்த, கொடுக்க வசதியுமுள்ள பழிகாரருடைய கடமை அவ்வளவோடு முடியவில்லை.

சான்று என்பது நீதிபதிக்கு இடப்பட்ட எல்லை. அவர் உள்ளங்களைக் காண முடியாதவர். ஆகவே கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும் கொண்டே தீர்க்க வேண்டியவர். வழக்காளிக்கும் எதிராளிக்கும் எல்லை சான்றன்று, உண்மையே. எண்பிக்கக்கூடியதாய் இருந்தாலும் பொய்யை வழக்காளி கேட்கலாகாது. எண்பிக்கப்படாவிட்டாலும் உண்மையை எதிராளி மறுக்கலாகாது.

பணத்தோடு மரியாதையையும் ஓர் ஈடாகப் புனித தோமஸ் குறிப்பிட்டது வீணன்று. விபத்தில் காயப்பட்ட பலர் வழக்கு முடிந்த பின்னும் சொல்லும் குறை, காசு போதவில்லை என்பது மட்டுமன்று. "ஒரு நாளாவது வந்து பார்க்கவில்லை" என்பதுமாகும். வந்து பார்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சிப் பலர் போவதில்லை. அந்த அச்சத்தை விட்டு, தோடம்பழமோ ஒன்றோ கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டிலருகே போய் நிற்பதற்கு எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. அதற்குச் சான்றும் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, இரண்டு வருடக் காலாவதியும் கிடையாது.